இறங்கிப் பார்த்தவள்

கலஹாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு வண்டி ஏறி வருவது பெரிய காரியமில்லை. திரும்பிப் போவதுதான் பெரிய காரியம். ஸ்டோர் சந்தியிலிருந்து மேலே வரும் ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. நடுவில் எங்கேயும் திருப்ப இடம் கிடையாது. மேலே போகிறவர்கள் கீழேயும் வரவேண்டியிருக்கும் என்று ரோட்டைப் போட்டவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

லயத்தின் முனையில் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அதன் சுவருக்கும் அடுத்துள்ள தண்ணீர்க் கானுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் வண்டியின் பின்பக்கத்தை நுழைத்து, முகத்தைக் கீழே பார்க்கத் திருப்பினால்தான் வந்த வழியே போகலாம். கொஞ்சம் இந்தப் பக்கம் போனால் சுவர். கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் கான். கூடுதலாகப் பின்னால் போனால் யாரோ ஒருவருடைய போஞ்சிப் பாத்தி, அதற்கப்புறம் பள்ளம்.

அந்தச் சந்துக்குள் பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு பள்ளிக்கூட வேன் கீறல் படாமல் போய்வந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர் உட்காரும் சின்ன வேன். கீறல் படாத பெருமை முழுவதும் டிரைவர் கிருஷ்ணராஜுக்கே போனது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை உருட்டி அவன் ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பார்க்க லயத்து ஆம்பிளைகள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். "கையில என்னா ஒரு சுத்தம்!" என்பார்கள். அதே நேரம் வேனுக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் நின்று, "வா... வா... இந்தப் பக்கம் ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு... வா... போதும்!" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்த பொம்பிளை ஒருவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பொம்பிளைதான் கஜலட்சுமி. பிள்ளைகளுக்கு வேன் அக்கா, மற்றவர்களுக்கு லெச்சுமி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் கணேஸ் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போவான். மகள் லோஜினி நாலாம் வகுப்பு, அதே வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, சளி துடைப்பது, சண்டை பிரிப்பது, தண்ணீர்ப் போத்தலை மறந்து வந்தவளுக்குத் தன் போத்தலைக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தில் இறங்கிப் பின்னால் போய் நிற்பது. இவ்வளவும் அவள் வேலை.

அவள் சின்னவளாக இருந்தபோது மேல் லயத்துக்கு வேன் எதுவும் வரவில்லை. ஸ்டோர் சந்திவரை நடக்கவேண்டும். மழை பிடித்தால் நடுவில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்கு நிரம்பி ரோட்டின் மேலே தண்ணீர் ஓடும். காலில் ஏறிய அட்டைகளைப் பள்ளிக்கூட வாசலில் நின்று பிய்த்துப் போட்டுவிட்டு இரத்தக் காலோடு வகுப்புக்குப் போவாள். மழை நாளில் போகாமல் நின்றாள், பிறகு மழை வரும் போலிருந்த நாளிலும் நின்றாள், ஒன்பதாம் வகுப்பில் ஒரேயடியாக நின்றுவிட்டாள். "படிப்பு ஏறல" என்று வீட்டில் சொன்னார்கள். படிப்பு ஏறத்தான் செய்தது. அவளால் அந்த ரோட்டில்தான் ஏற முடியவில்லை.

ஆகவே கிருஷ்ணராஜுக்குக் கட்டார் விசா வந்தபோது மேல் லயமே கேக் வாங்கித் தின்றது, கஜலட்சுமி மட்டும் தின்னவில்லை. வேன் சொந்தக்காரர் மர்சூக் நானா கலஹா டவுனில் புடவைக் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். புது டிரைவராக இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகக் கூட்டிவந்து சந்தைக் காட்டினார். முதலாவது ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் நடந்தே கீழே போனான். இரண்டாவது ஆள், "ஸ்டோர் சந்தி வரைக்கும்னா வாறேன். புள்ளைங்க நடந்து வரட்டும். இதுக்குள்ளயெல்லாம் ஏலாது" என்றான்.

மர்சூக் நானாவுக்கு அது போதுமாக இருந்தது. "ஜனவரியிலேருந்து சந்தியில நிப்பாட்டுவோம் லெச்சுமி. வேற என்ன செய்யிற? கொஞ்சத் தூரந்தானே."

கொஞ்சத் தூரம்! லோஜினியும் மற்றப் பிள்ளைகளும் மழையில் அந்தப் போக்கைத் தாண்டுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. யோசித்துப் பேசியிருந்தால் அவள் சொல்லியிருக்கமாட்டாள். யோசிக்காததால் சொன்னாள்.

"நான் ஓட்டுறேன் நானா."

வேனுக்குள் இருந்த கிருஷ்ணராஜ் வாய்விட்டுச் சிரித்தான். மர்சூக் நானா சிரிக்கவில்லை, ஆனால் நம்பவுமில்லை.

"லைசன் ஈக்கா?"

"எடுக்கிறேன்."

"சரி. ஜனவரி ஸ்கூல் தொறக்கிற நாளைக்கு லைசனோட வந்து நில்லு. வேன் ஒன் கையில. இல்லாட்டி சந்தியோட சரி. பொறகு என்னோட கோவிக்க வாணாம்."

அன்று ராத்திரி போனில் கணேஸ், "ஒனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேல?" என்று கேட்டான். "ஒம்மகளுக்குத்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எழுத்துப் பரீட்சை முதல் தடவையிலேயே பாஸ். படிப்பு ஏறாதவள்! பேராதனைப் பக்கம் வண்டி ஓட்டப் பழக்குகிற ஒரு லேர்னர்ஸில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தது பஸ்னா என்கிற பெண். கஜலட்சுமியைவிடப் பத்து வயதாவது இளையவள். கறுப்பு அபாயாவும் வெள்ளைச் சப்பாத்துமாக வருவாள், வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். முன்னால் ஓட்டுவதில் கஜலட்சுமிக்குப் பிரச்சினையே இல்லை. கம்பளை ரோட்டில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கூசாமல் போனாள். "மாஷா அல்லாஹ், நீங்க பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்த மாதிரி ஈக்கி அக்கா" என்று பஸ்னாவே சொன்னாள்.

ரிவர்ஸில்தான் வந்தது வினை.

மைதானத்தில் நாலு மூலைக்கும் கம்பம் நட்டு, அதற்குள் காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். லைசனுக்கு ஓட்டிக் காட்டுகிற ட்ரையலிலும் அதேதான். பார்த்தால் பிள்ளைக் காம்பரா சந்தைவிட அகலம், கானும் இல்லை. ஆனால் ரிவர்ஸ் கியரைப் போட்டதும் கஜலட்சுமியின் கால் கல்லாகிவிடும். கிளட்சை விட மனசு வராது. பஸ்னா காத்திருந்து பார்ப்பாள், பிறகு, "என்ன அக்கா?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பாள் இவள். உண்மை என்னவென்றால் அவள் ஒரு குரலுக்காகக் காத்திருந்தாள். பின்னாலிருந்து யாராவது "வா" என்று சொல்லவேண்டும். பத்து வருஷமாக ரிவர்ஸ் என்றால் அவளுக்கு ஒரு குரல்தான். அந்தக் குரல் அவளுடைய குரல். இப்போது அவள் காருக்குள்ளே உட்கார்ந்திருந்தாள், பின்னால் கூப்பிட யாரும் இல்லை.

கொஞ்சம் பழகியபிறகு கார் அசைந்தது. ஆனால் பாதியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுவாள். முதல் தடவை பஸ்னா சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை.

"எறங்க வாணாம் அக்கா. ட்ரையல்ல எறங்கினா நேரா ஃபெயில்தான். கண்ணாடி ரெண்டு ஈக்கி, கழுத்து ஒண்ணு ஈக்கி. அதால பாருங்க."

"சரி" என்பாள். மறுபடியும் இறங்குவாள். பஸ்னா கடைசியில் சாரதிப் பக்கக் கதவுப் பிடியைத் தன் கைலேஞ்சித் துணியால் கட்டிவைத்தாள். அவிழ்க்க எடுக்கும் நேரத்தில் ஞாபகம் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. கதவு கட்டியிருந்த நாட்களில் கார் கம்பங்களுக்கு நடுவே ஒழுங்காகப் போய் நின்றது. ஆனால் ட்ரையலுக்குக் கதவைக் கட்டிக்கொண்டு போக முடியுமா?

நவம்பரில் ட்ரையல். ரோட்டில் ஒரு குறை இல்லாமல் ஓட்டினாள். பக்கத்தில் இருந்த எக்ஸாமினர் நரைத்த மீசைக்காரர், வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார். மைதானத்துக்கு வந்து ரிவர்ஸ் போட்டாள். கார் பாதித் தூரம் நல்லபடியாகப் போனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. கை தானாகக் கதவைத் திறந்தது. காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு விளங்கியது. எக்ஸாமினர் அவளுக்கு மயக்கம் வந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி வந்தார். வரிசையில் நின்ற பொடியன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஃபெயில்.

கதை அவளுக்கு முன்பாகவே பஸ் ஏறி மேல் லயத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை வேனில் கிருஷ்ணராஜ், "லெச்சுமிக்கா, காரு பத்திரமா இருந்துச்சா? யாரும் பின்பக்கத்த கழட்டிட்டுப் போகலையே?" என்றான். வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் சேராத லோஜினி தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் கஜலட்சுமிக்குத் தாங்கவில்லை.

"ஆமா, எறங்குனேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஒங்களுக்கெல்லாம் மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. இந்தக் காம்பராவுலேருந்து ரத்தினம்மா பேரன் தவந்து வந்து டயருக்குப் பின்னால ஒக்காந்திருந்தானே, அன்னைக்கு இவரு கண்ணாடியில தெரிஞ்சானா? பின்னால நான் நின்னதாலதான் அந்தப் புள்ள இன்னைக்கு மூணாம் வகுப்புப் படிக்குது. எறங்கிப் பாக்கிறவள பாத்து சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

வாசலில் சிரிப்பு நின்றது. கிருஷ்ணராஜுக்கு மட்டும் நிற்கவில்லை.

"அதெல்லாம் சரிக்கா. ஆனா ரிவர்ஸுங்கிறது கையில இருக்கணும். அது பொறவியிலேயே வரணும்."

"ஒன் ரிவர்ஸு ஒன் கையில இல்லடா தம்பி. என் வாயில இருந்துச்சு."

"பாப்பமா?"

"பாப்பம்."

அன்று பின்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, சந்துக்கு முன்னால் பிள்ளைகள் எல்லோரையும் இறக்கி மண்மேட்டில் ஏற்றினாள். காம்பராவில் பிள்ளை பார்க்கிற அம்மாவிடம் கதவைச் சாத்தச் சொன்னாள். ஒவ்வொரு தலையாக எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு, வழக்கம்போலப் பின்னால் போய் நிற்காமல், வேனின் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எறங்குங்கக்கா" என்றான் கிருஷ்ணராஜ்.

"இன்னைக்கு எறங்கமாட்டேன். எடு."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வேன் பின்னால் போனது, நின்றது, முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. அவன் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. "சொல்லுங்கக்கா... ஒடிக்கவா?" என்று அடிக்குரலில் கேட்டான். கஜலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு குலுக்கல். பின் சக்கரம் கானுக்குள் இறங்கி, வேன் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

கீறல் படாத வேனைத் தூக்கி வைக்க லயத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் வரவேண்டியதாயிற்று. கையில் சுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களின் கையெல்லாம் சேறு.

கஜலட்சுமிக்கு அதில் சந்தோஷம் இல்லாமலில்லை. சிரிப்பு வந்ததையும் அவள் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி சீட்டில் அவளுக்கு வேறொன்றும் விளங்கியிருந்தது. முதல் தடவையாக அவள் உள்ளேயிருந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே காம்பராவின் கூரை தெரிந்தது, சுவரின் மேல் பாதி தெரிந்தது, போஞ்சிக் கம்புகள் தெரிந்தன. தரை தெரியவில்லை. அவள் பத்து வருஷம் நின்ற இடம் உள்ளேயிருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் அவளுடைய குரலை நம்பி, கண்ணை மூடியது மாதிரி வந்துகொண்டிருந்தான். ரிவர்ஸில் அவனிடம் பாதி இருந்தது, அவளிடம் பாதி இருந்தது. முழுசாக யாரிடமும் இருக்கவில்லை. தெரியாத தரையை, அது மறைவதற்கு முன்னாலேயே பார்த்து மனதில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் மற்றப் பாதி.

அடுத்த வகுப்பில் பஸ்னாவிடம் சொன்னாள். "மிஸ், ரிவர்ஸ் போடுறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் பாத்துக்கிறேன். கம்பத்தோட அடி எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கிறேன். அப்பறம் அது மறஞ்சாலும் எனக்குத் தெரியும்ல? நான்தானே அங்க நிக்கிற ஆளு."

பஸ்னா ஏலக்காயை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு கதவுப் பிடியில் கட்டியிருந்த கைலேஞ்சியை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரங்களில் கஜலட்சுமி காரை எடுப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். ஏறி உட்கார்ந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்புவாள். ரிவர்ஸ் போடும்போது உதடு அசையும். "வா... வா... ஒடி..." சத்தம் வெளியே வராது. பஸ்னா கம்பங்களை நெருக்கி நெருக்கி நட்டாள். கதவு கட்டியிராத கார் அவற்றுக்கு நடுவேயும் போய் நின்றது. இரண்டு தடவை கம்பம் சாய்ந்தது. கஜலட்சுமி வண்டியைவிட்டு இறங்கவில்லை. கம்பத்தைச் சாய்த்ததற்குக்கூட பஸ்னா கை தட்டினாள்.

டிசம்பர் கடைசியில் இரண்டாவது ட்ரையல். கிருஷ்ணராஜ் அதற்குள் கட்டார் போயிருந்தான். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. இதில் விழுந்தால் சந்திதான், போக்குதான், அட்டைதான். அதே மைதானம், அதே நரைத்த மீசை. அவர் அவளை மறந்திருக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் சிங்களத்தில், "இன்றைக்கும் இறங்குவீர்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர்" என்றாள்.

ரோடு முடிந்து மைதானத்துக்கு வந்தார்கள். கம்பங்களுக்கு முன்னால் நிறுத்தி, அடிகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, ரிவர்ஸைப் போட்டாள். கார் மெல்ல நகர்ந்தது. உதடு அசைந்தது. பாதித் தூரம் வந்திருப்பாள்.

"வா! வா! வா!"

பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய குரல் இல்லை. வரிசையில் நின்ற யாரோ ஒரு மனுஷன், தொப்பி போட்டவன், காருக்குப் பின்னால் ஓடிவந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நம் நாட்டில் ஒரு வண்டி பின்னால் வந்தால் போதும், ரோட்டில் போகிறவனெல்லாம் அதற்கு வாத்தியாராகிவிடுவான். வண்டியில் இருப்பது பொம்பிளை என்றால் கேட்கவே வேண்டாம், தேத்தண்ணிக் கடையில் இருப்பவனும் கோப்பையை வைத்துவிட்டு வருவான். இவனும் நல்ல மனசோடுதான் வந்தான். அதுதான் எரிச்சல்.

"ஒடிங்க அக்கா, இந்தப் பக்கம் ஒடிங்க! வா! வா!"

எத்தனை நாள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள்! கால் ஆசையோடு கிளட்சிலிருந்து எழும்பியது. கை அவன் சொன்ன பக்கம் ஒடிக்கப் போனது. ஒரு விரல் அகலம் திரும்பியும்விட்டது. அப்போதுதான் அவள் மனதில் பிடித்துவைத்திருந்த கம்பத்தின் அடி ஞாபகத்துக்கு வந்தது. அவன் சொல்கிற பக்கம் போனால் நேராகக் கம்பத்தில்தான். இன்னொன்றும் உறைத்தது. அவன் நின்றுகொண்டிருந்தது காருக்கு நேர் பின்னால்.

பிரேக்கை மிதித்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எக்ஸாமினர் பேனாவைத் திறந்தார்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"பின்னால ஆளு நிக்குது சேர்."

அவர் திரும்பிப் பார்த்தார். கஜலட்சுமி கதவைத் தொடவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"அண்ணே! தள்ளிப் போங்க!"

"நான் ஒங்களுக்குத்தானே அக்கா சொல்றேன்..."

"எனக்குச் சொல்ல வேணாம். வண்டி ஓட்டுறது நான். நீங்க அங்க நிக்கிற வரைக்கும் இது ஒரு அங்குலம் அசையாது. போங்க அந்தப் பக்கம்!"

மைதானமே பார்த்தது. அவன் முகம் சுருங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான். அவன் கம்பங்களைத் தாண்டி, வரிசையில் போய் நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். திருப்பியிருந்த அந்த ஒரு விரல் அகலத்தை நேராக்கினாள். பிறகு எடுத்தாள். யாரும் கூப்பிடவில்லை. கார் நாலு கம்பங்களுக்கும் நடுவில் போய் நின்றது.

நரைத்த மீசை பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நாங்களே அவனைப் போகச் சொல்லியிருக்கணும்" என்றார். "பாஸ்."

மைதானத்தின் ஓரத்தில் நின்ற பஸ்னா அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கஜலட்சுமி அழுதாள். மூக்கைச் சிந்த அந்தப் பழைய கைலேஞ்சியைத்தான் பஸ்னா கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் காலையில் மர்சூக் நானா சொன்ன சொல் தவறவில்லை. சாவியைக் கொடுத்தார். ஆனால் மனசு கேளாமல் தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நல்ல மழை. போக்கின் மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேன் அதைக் கடந்து மேல் லயத்துக்கு ஏறியபோது ஊரே வாசலில் நின்றது. பிள்ளைகள் குடைகளோடு லயத்துச் சுவரோரமாக நின்றார்கள், லோஜினி எல்லோருக்கும் முன்னால்.

சந்துக்கு முன்னால் வேன் நின்றதும் ஆம்பிளைகள் இறங்கி வந்தார்கள். நாலு பேர் பின்னால் போனார்கள். பிறகு ஆறு பேர். "வா வா!", "ஒடி லெச்சுமி!", "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!", "மெதுவா, மெதுவா!" ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். மர்சூக் நானாவும் ஜன்னலால் தலையை நீட்டி, "வரச் சொல்லு, வரச் சொல்லு!" என்றார்.

கஜலட்சுமி எஞ்சினை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்து மழையில் இறங்கினாள்.

"பாருடா, எறங்கிட்டா!" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

"ஆமா, எறங்கிட்டேன்" என்றாள். "இங்க யாருய்யா எனக்கு ஃபெயில் போடுறது? போடுறவன் முன்னால வா, மூஞ்சியப் பாக்குறேன். இல்லாட்டி எல்லாரும் பின்பக்கத்த விட்டுட்டுப் போங்க. ஒருத்தரும் கூப்புட வேணாம்."

ஒருவரும் முன்னால் வரவில்லை. ஒவ்வொருவராக நகர்ந்து வாசல்களில் ஏறினார்கள். அவள் சந்துக்குள் நடந்தாள். காம்பராக் கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். கானின் விளிம்பைப் பார்த்தாள், சுவரின் அடியைப் பார்த்தாள். பத்து வருஷமாகத் தான் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து வேனுக்கு அடியிலும் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து, நனைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

வேன் சந்துக்குள் போய், திரும்பி, கீழே பார்த்து நின்றது. மழைச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. மர்சூக் நானா பிடித்திருந்த கைப்பிடியை விட்டார்.

"நாளையிலேருந்து பின்னுக்கு நிக்க ஒரு ஆளப் போடவா லெச்சுமி?" என்று கேட்டார்.

"புள்ளைங்கள ஏத்தி எறக்க ஒருத்தி வேணும் நானா. பின்னால நிக்கிறதுக்கு வேணாம். அங்க நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து ஹோனை அடித்தாள்.